கட்டட வயது

மாதத்தின் முதல் செவ்வாய்
இஸ்தான்புல் முழுவதையும் என் மேசையில் கொண்டுவந்து கொட்டுவார்கள்.
முப்பத்தொன்பது மாவட்டம்.
வாடகைக்கு என்று போட்ட அத்தனை வீடும்.
என் வேலை கல் பொறுக்குவது.
ஒரே வீட்டை மூன்று தரகர் போட்டிருந்தால் இரண்டை எடுப்பேன்,
பூஜ்ஜியம் ஒன்று கூடிப்போயிருந்தால் வெட்டுவேன்,
"கடல் தெரியும்" என்பதை மட்டும் தொடமாட்டேன்.
குளியலறைத் தொட்டியின்மேல் ஏறி நின்றால் தெரியும்தானே.

பிறகு நடுமதிப்பு.
எல்லாரையும் வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவனைக் கூப்பிடுவது.
அவன்தான் அந்த மாவட்டம்.
போன வருஷம் காத்கோயின் நடுவில் நின்றவன்
இந்த வருஷம் வரிசையிலேயே இல்லை.

தெற்கே, வேறு ஊர்களில், ஒரு பிப்ரவரி விடிகாலையில்
மாடிகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன.
எங்களுக்கு ஒரு டீக் கிளாஸ்கூட உடையவில்லை.
ஆனால் மறுவாரமே போனில் எல்லாரும்
அறை எத்தனை என்பதற்கு முன்னால்
பெண் கேட்டு வந்தவர்கள் மாதிரி வயது கேட்டார்கள்.
மேலாளர் துன்ஜாய் அட்டவணையில் ஒரு கட்டம் சேர்த்தார்:
கட்டட வயது.
காலியாக இருந்தால் அந்த வரியையே நீக்கு என்றார்.

வரைபடத்துக்கு நிறம் தீட்டுகையில்தான் பார்த்தேன்.
வடக்கே பாறை, அங்கே என் அடர்சிவப்பு.
மர்மரா கரையோரம் சேறு, அங்கே வெளுத்த மஞ்சள்.
நில ஆய்வாளர்களின் படத்தை இதோடு சேர்த்து
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால்
அவர்கள் சிவப்பு என் மஞ்சளில் வந்து உட்காருகிறது.
அசையாத தரைக்கு மாதாமாதம் கட்ட வேண்டும்.
அசைகிற தரைக்கு ஒரே ஒரு தரம்.

அக்டோபரில் வீட்டுக்காரர் ரசிம் வந்தார்.
ஷூவைக் கழற்றவில்லை. கையில் ஒரு தாள்.
"எண்பத்திரண்டு சதவீதம் ஏறியிருக்கு. நான் சொல்லலை, இது சொல்லுது."
அந்தத் தாளை எனக்குத் தெரியும்.
நான்காம் பக்கம், மூன்றாம் வரி.
போன வியாழன் மதியம், பசியோடு, நான் அடித்தது.
"போட்டவங்க தப்பாப் போட்டிருக்கலாம்" என்றேன்.
"படிச்சவங்க போட்டது, ஷெஹ்னாஸ் ஹனும்" என்றார் மரியாதையாக.
வாசலில் நின்றபடியே டீ குடித்தார்.
மூன்று சர்க்கரைக் கட்டி.

அவ்ஜிலார்.
மெட்ரோபஸ் நிறுத்தத்திலிருந்து எட்டு நிமிடம்,
நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது.
முஅல்லா ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு
ஒவ்வொரு அறையாகத் திறந்தாள்.
சமையலறைத் தூணிலிருந்து ஜன்னல்வரை ஒரு கோடு,
அதன்மேல் புது பெயின்ட்,
ஆபரேஷன் தழும்பில் பவுடர் பூசியதுபோல.
"தொண்ணூத்தொன்பதுல வந்தது" என்றாள் நான் கேட்காமலே.
"அதுக்கப்புறம் வளரலை. என் பையன்தான் வளர்ந்தான்."

ஆயிரம் வீடுகளிடம் கேட்ட கேள்வி
நாக்கு நுனியில் வந்து நின்றது.
"பால்கனியில் துணி காயுமா?" என்று கேட்டேன்.
"அரை மணியில. கடல் காத்து."
கடல் தெரிந்தது,
எதன்மேலும் ஏறாமலே.

முன்பணம் கொடுத்துப் படியிறங்கும்போது
வாசல் சிமென்டில் யாரோ ஈரத்தில் கீறிய ஆண்டு.
பார்க்கக் கூடாது என்றுதான் இறங்கினேன்.

இன்று செவ்வாய்.
அவ்ஜிலார் கோப்பில் என் வீடு வந்திருக்கிறது.
தரகர் விளம்பரத்தை இன்னும் எடுக்கவில்லை.
வாடகை சரி. சதுர மீட்டர், கொஞ்சம் பொய்.
கட்டட வயது காலி.

நீக்கத்தான் வேண்டும்.
நீக்கினால், இவ்வளவு மலிவான வரி ஒன்று போனால்,
அவ்ஜிலாரின் நடுமதிப்பு ஒரு பிடி ஏறும்.
முஅல்லா பேப்பர் படிக்கிறவள்.
சமையலறை மேசையில், கண்ணாடி போட்டுக்கொண்டு,
கடைசிப் பக்கம்வரை.

துன்ஜாய் அறைக்கதவு சாத்தியிருக்கிறது.
நாற்பது என்று அடிக்கிறேன்.
என்னைவிட இரண்டு வயது மூத்தது.